ஷ்மெல்லரும் ஒரு பசுமாடும்: வட்டார வழக்கு அகராதி எப்படி உருவாகிறது?

பசுவுக்கு ஜெர்மன் எழுத்து மொழியில் "கூ" என்று பெயர். மியூனிக்கைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதையே "கூஅ" என்பார்கள். அங்கிருந்து வடக்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டிய ஓபர்பால்ஸ் பகுதிக்குப் போனால் அதே மாடு "கொஉ" ஆகிவிடும். இந்த மொத்தப் பகுதிக்கும் சேர்த்து நீங்கள் ஒரு பேச்சுவழக்கு அகராதி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டை எந்தப் பக்கத்தில் கட்டுவீர்கள்?

எழுத்து மொழியில் உள்ள இடத்திலேயே கட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் எழுத்து மொழியில் இல்லவே இல்லாத சொற்களைத் தொகுக்கத்தானே இந்த அகராதியே வருகிறது? அவற்றுக்கு எந்த எழுத்துக்கூட்டலைப் பிடிப்பது? ஒரு ஊர் உச்சரிப்பை எடுத்தால் அடுத்த ஊர்க்காரருக்குச் சொல் கிடைக்காது. எல்லா உச்சரிப்பையும் தனித்தனியாகப் போட்டால் ஒரே சொல் ஐந்து இடங்களில் சிதறிவிடும். நம் பேச்சிலும் இது உண்டு. எழுதும்போது இலை, உடம்பு, குடம். பேசும்போது எல, ஒடம்பு, கொடம். பேசுகிறபடியே அகர வரிசையில் அடுக்கினால் "உடம்பு" உகரத்தை விட்டு ஒகரத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். இப்படி ஒரு சொல்லுக்குப் பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம், பல்லாயிரம் சொற்களுக்கு என்றால்?

இந்தக் கேள்விக்கு விசித்திரமான, ஆனால் யோசித்துப் பார்த்தால் மிகவும் நியாயமான விடை ஒன்றைக் கண்டுபிடித்தவர் யோஹான் ஆன்ட்ரியாஸ் ஷ்மெல்லர். மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட தென் ஜெர்மன் பகுதியான பவேரியாவின் பேச்சுக்கு, 1827 முதல் 1837 வரை நான்கு பாகங்களாக வெளிவந்த பவேரிய அகராதியைத் தனியாளாகச் செய்தவர். வாழ்க்கையின் பிற்பாதியை மியூனிக் அரச நூலகத்தில் பழைய கையெழுத்துச் சுவடிகளை ஒழுங்குபடுத்துவதில் கழித்தவர். வட்டார வழக்கு அகராதி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பொதுவான இலக்கணம் சொல்வதைவிட இவர் கதையைச் சொல்லிவிடுவது எனக்கு எளிதாக இருக்கிறது.

முதலில் அடிப்படை. பொது அகராதி ஒரு மொழியில் எல்லோரும் எழுதுகிற சொற்களுக்குப் பொருள் சொல்லும். வட்டார வழக்கு அகராதியின் வேலை வேறு. ஷ்மெல்லர் தன் அகராதியின் நீண்ட தலைப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்: பவேரிய நாட்டின் வாழும் பேச்சிலும் பழைய எழுத்துகளிலும் காணப்படுகிற, ஆனால் இன்றைய பொது எழுத்து மொழியில் அறவே இல்லாத, அல்லது இருந்தாலும் அதே பொருளில் வழங்காத சொற்களின் தொகுப்பு. "அதே பொருளில் வழங்காத" என்ற பகுதியைக் கவனியுங்கள், ஆரம்பத்தில் எல்லோரும் தவறவிடுவது அதைத்தான். சொல் பொதுவானதாக இருக்கலாம். அந்த ஊரில் அதற்கு வேறு பொருள் இருந்தால் அதுவும் உள்ளே வர வேண்டும்.

இவருக்கு முன்னாலும் ஜெர்மனியில் இப்படிச் சொல் சேர்த்தவர்கள் உண்டு. அந்தத் தொகுப்புகளுக்கு "இடியோட்டிகோன்" என்று பெயர், "தனக்கே உரியது" என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. (ஆங்கிலத்தில் ஒருவரைத் திட்டப் பயன்படும் "இடியட்"டும் அதே வேரில் முளைத்ததுதான். அகராதிக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) ஆன்ட்ரியாஸ் ட்ஸவுப்ஸர் என்பவர் 1789இல் பவேரியாவுக்கே ஒரு சிறிய இடியோட்டிகோன் போட்டார். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, படித்தவர்கள் ஊர்ப்பக்கம் போனபோது காதில் விழுந்த வேடிக்கைச் சொற்களைக் குறித்துவைத்த பட்டியல்கள் மாதிரிதான். பேச்சுவழக்கு என்பது எழுத்து மொழி கெட்டுப்போன வடிவம் என்ற எண்ணம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஷ்மெல்லர் அந்த எண்ணத்தைத் தூக்கிப் போட்டார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் அதற்கான காரணம் புரியும்.

ஷ்மெல்லர் 1785ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஓபர்பால்ஸ் பகுதியில் டிர்ஷென்ராய்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். முதுகில் சுமந்து போகிற கூடைகளைப் பின்னி விற்றுப் பிழைக்கும் குடும்பம். பையனுக்கு இரண்டு வயது ஆவதற்குள் தெற்கே, இல்ம் ஆற்றங்கரையில் உள்ள ப்ஃபாஃபென்ஹோஃபென் பக்கம் ரிம்பெர்க் என்ற குட்டிக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இங்கேதான் நம் மாடு மறுபடி வருகிறது. அப்பா அம்மா பிறந்து வளர்ந்தது "கொஉ" நாட்டில். பையன் தெருவில் விளையாடிய பிள்ளைகள் "கூஅ" நாட்டுக்காரர்கள். வீட்டுக்குள் ஒரு ஒலி, வாசலைத் தாண்டினால் இன்னொரு ஒலி. பிறகு ஷையர்ன் மடத்துப் பள்ளியிலும் இங்கோல்ஷ்டாட், மியூனிக் பள்ளிகளிலும் படிக்கப் போனபோது மூன்றாவதாகப் புத்தக ஜெர்மன். எது சரி, எது தவறு என்று கேட்பதைவிட, எது எதோடு எப்படிப் பொருந்துகிறது என்று கேட்கும் காது ஒருவருக்கு இப்படித்தான் அமையும் என்று நினைக்கிறேன்.

வீட்டார் அவரைப் பாதிரியாராகப் பார்க்க ஆசைப்பட்டார்கள், அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. எழுத்துக் கற்பிப்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதி எடுத்துக்கொண்டு, 1804இல் சுவிட்சர்லாந்தில் கல்விச் சீர்திருத்தவாதி பெஸ்டலோஸியைப் பார்க்கப் போனார். அங்கே வேலை கிடைக்கவில்லை. கையில் காசும் இல்லை. ஸ்பெயின் மன்னருக்காகப் பணியாற்றிய சுவிஸ் படைப்பிரிவு ஒன்றில் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார். கூடைக்காரர் மகன் மத்தியதரைக் கடலோரம் டாரகோனாவில் துப்பாக்கியோடு நின்றது இப்படித்தான். அப்புறம் மாட்ரிட்டில் பெஸ்டலோஸி முறைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது, 1808இல் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது. பாசெல் நகருக்குத் திரும்பி நண்பரோடு சேர்ந்து சொந்தப் பள்ளி நடத்தினார். நெப்போலியனுக்கு எதிரான போர் வந்ததும் ஊர் திரும்பி பவேரியப் படையில் அதிகாரியானார். ஸ்பானிய மொழி, சுவிஸ் ஜெர்மன், இராணுவ வாழ்க்கை எல்லாம் சேர்த்துப் பத்து வருடம். வீணாய்ப்போன பத்து வருடம் மாதிரித் தெரியும். ஆனால் சுவிட்சர்லாந்தில் அப்போது ஃப்ரான்ஸ் யோசஃப் ஷ்டால்டர் என்ற பாதிரியார் சுவிஸ் வழக்குகளுக்கு நல்லதொரு இடியோட்டிகோன் போட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1816இல் மியூனிக் நூலகர் யோசஃப் ஷேரர் தந்த ஊக்கத்தில் பவேரிய அகராதித் திட்டம் தொடங்கியது, பட்டத்து இளவரசர் லுட்விக்கின் ஆதரவும் கிடைத்தது. படையிலிருந்து சம்பளத்தோடு விடுப்பு. ஓர் அரசு ஒரு துணைநிலை அதிகாரிக்குச் சம்பளம் கொடுத்து "போய் உழவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வா" என்று அனுப்புவது சாதாரண விஷயமா? பவேரியா 1806இல்தான் முடியரசு நாடாக உயர்ந்திருந்தது. ஃப்ராங்கோனியா, ஸ்வாபியப் பகுதிகளையெல்லாம் புதிதாகச் சேர்த்துக்கொண்ட நாடு, தன்னிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் அது.

அவர் உடனே அகராதியில் இறங்கிவிடவில்லை. ஊர் ஊராக நடந்தார், பல பகுதிகளிலிருந்து வந்த படைவீரர்களிடம் கேட்டார், முதலில் ஒலிகளைப் பிடித்தார். 1821இல் பவேரிய வழக்குகளின் இலக்கணம் வெளிவந்தது. எந்த ஒலி எந்தப் பகுதியில் எப்படி மாறுகிறது என்று எண் போட்டுப் போட்டு எழுதியிருப்பார். கூடவே ஒரு சின்ன வரைபடம், ஜெர்மன் வட்டார வழக்குகளுக்கான முதல் வரைபடமாக இதைத்தான் சொல்கிறார்கள். இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. "கூஅ"வும் "கொஉ"வும் தாறுமாறான திரிபுகள் இல்லை. சகோதரனைக் குறிக்கும் "ப்ரூடர்" தெற்கே "ப்ரூஅடா", ஓபர்பால்ஸில் "ப்ரொஉடா". நல்லது என்னும் "கூட்" தெற்கே "கூஅட்", வடக்கே "கொஉட்". அதாவது பழைய "உஅ" என்ற இரட்டை உயிர் வடக்கே தலைகீழாகக் கவிழ்ந்து "ஒஉ" ஆகிறது, பல சொற்களில் ஒரே மாதிரி. அன்பான என்னும் "லீப்" தெற்கே "லீஅப்", வடக்கே "லெய்ப்" ஆவதும் இதே கணக்கு. ஒழுங்கோடு மாறுகிற ஒன்றைக் கொச்சை என்று எப்படிச் சொல்வது?

சரி, இப்போது அகராதியின் அடுக்கு முறைக்கு வருவோம். மேலே உள்ள சொற்களை மறுபடி பாருங்கள். எது மாறுகிறது? உயிர். எது அசையாமல் நிற்கிறது? மெய். "ப்ரூடர்" எந்த ஊருக்குப் போனாலும் ப், ர், ட் மூன்றும் கூடவே போகின்றன. நம் "உடம்பு, ஒடம்பு" கதையும் அதுவேதான்: உயிர் ஆடுகிறது, ட், ம், ப் ஆடவில்லை. அப்படியானால் ஆடாத எழுத்துகளை வைத்து அடுக்கிவிட்டால் என்ன?

ஷ்மெல்லர் செய்தது அதைத்தான். முதலில் சொல்லின் முன்னொட்டுகளைக் கழற்றிவிட்டு வேர் அசையை எடுக்கிறார். அந்த அசையின் தொடக்க மெய் எது என்று பார்க்கிறார். அடுத்து நேராக, நடுவில் உள்ள உயிரைத் தாண்டி, அதன் பின்னால் வரும் மெய்க்குப் போகிறார். இரண்டும் ஒன்றாக இருக்கும் சொற்களை ஒரே கூட்டமாக்கிவிட்டு, கடைசியாகத்தான் உயிரைப் பார்க்கிறார். ஓடைக்கு "பாஹ்", மரப்பிசினில் காய்ச்சும் கீலுக்கு "பெஹ்", புத்தகத்துக்கு "பூஹ்" என்று ஜெர்மனில் சொல்வார்கள். சாதாரண அகராதியில் மூன்றும் வெவ்வேறு மூலையில் கிடக்கும். ஷ்மெல்லரிடம் மூன்றும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. ஓடையும் புத்தகமும் ரோமன் எழுத்தில் "B" போட்டு எழுதப்படுகிறவை, கீல் மட்டும் அழுத்தமான "P" எழுத்தில். பவேரியப் பேச்சில் இந்த இரண்டு ஒலிகளும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் இரண்டு எழுத்தையும் ஒரே பிரிவாக்கிவிட்டார், ட வகை எழுத்துகள் (D, T) இரண்டையும் அப்படியே. ஒரே "ப" எழுத்தில் "பாட்டு"வையும் "அன்பு"வையும் எழுதிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜெர்மானியருக்குத்தான் தலை சுற்றும்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் சுற்றியது. முதல்முறை அந்த அகராதியைத் திறந்து, ஒரு சொல்லை வழக்கமான வரிசையில் தேடி, இல்லை என்று முடிவுகட்டி மூடிவிட்டேன். அந்தச் சொல் நாற்பது பக்கம் தள்ளி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. முறை பிடிபட்ட பிறகு தேடுவது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. காதில் விழுந்த சொல்லின் உயிர் என்னவென்று உங்களுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மெய்களை வைத்துப் பிடித்துவிடலாம். ஓர் ஊர்க்காரருக்கு வசதி செய்து மற்ற ஊர்களைத் தண்டிக்காத ஒரே வரிசை அதுதான். பேச்சிலிருந்து எழுத்துக்கு வருகிறவருக்காகப் போட்ட அகராதி, எழுத்திலிருந்து எழுத்துக்குப் போகிறவருக்காக இல்லை.

ஒவ்வொரு சொல்லின் கீழும் என்னவெல்லாம் இருக்கும்? எந்தப் பகுதியில் எப்படி ஒலிக்கும், என்ன பொருள், பழமொழி, விளையாட்டு, சடங்கு, அளவைகள், பழைய பத்திரங்களிலும் சட்ட ஏடுகளிலும் அந்தச் சொல் வரும் இடங்கள். கிழமைப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். பொது ஜெர்மனில் வியாழக்கிழமை "டொன்னர்ஸ்டாக்", இடிக்கடவுளின் நாள். பழைய பவேரிய வழக்கில் "ப்ஃபின்ஸ்டாக்". இதில் உள்ள "ப்ஃபின்ஸ்", ஐந்தாவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் எச்சம், ஞாயிற்றை முதல் நாளாக எண்ணினால் வியாழன் ஐந்தாவது நாள். செவ்வாய்க்கிழமைக்கு "ஏர்டாக்", அதற்குள் கிரேக்கப் போர்க்கடவுள் ஏரீஸ் இருக்கிறார். மியூனிக்கில் இன்றும் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் சந்தைக்கு "டுல்ட்" என்று பெயர். அந்தச் சொல், கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியின் நான்காம் நூற்றாண்டு பைபிளில் திருவிழா என்ற பொருளில் இருக்கிறது. பொது ஜெர்மன் அதை எப்போதோ மறந்துவிட்டது, சந்தைக்காரர்கள் மறக்கவில்லை. இப்படி நான்கு சொல்லைப் பார்த்த பிறகு பேச்சுவழக்கு எழுத்து மொழியின் கெட்டுப்போன பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சில நேரம் அது வயதில் மூத்த அக்கா.

முதல் இரண்டு பாகங்கள் 1827, 1828இல் வந்தன. மூன்றாவது 1836இல்தான் வந்தது. நடுவில் எட்டு வருடம் எங்கே போனார்? நூலகத்துக்கு. 1829இல் மியூனிக் அரச நூலகத்தில் கையெழுத்துச் சுவடிகளின் காப்பாளராகச் சேர்ந்தார். பவேரிய அரசு 1803இல் மடங்களைக் கலைத்துவிட்டு, அவற்றில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த நூல்களை வண்டி வண்டியாக மியூனிக்குக் கொண்டுவந்து குவித்திருந்தது. அந்தக் குவியலுக்கு ஒழுங்கு வேண்டும். இங்கேயும் அதே கேள்வி: எதை எந்த அடுக்கில் வைப்பது? பொருள்வாரியாகப் பிரித்தால் வேதம் ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம் என்று அழகாக இருக்கும், ஆனால் எந்த மடத்தில் எவையெவை சேர்ந்து இருந்தன என்ற தடம் அழிந்துபோகும். ஷ்மெல்லர் முதலில் மொழிவாரியாகப் பிரித்தார். லத்தீன் சுவடிகளை வந்த ஊர்களின் அகர வரிசையில் நிறுத்தித் தொடர் எண் கொடுத்தார். இன்றும் அந்த எண்கள்தான். 4500களில் ஒரு எண்ணைப் பார்த்தால் பெனடிக்ட்பாயர்ன், 6000களில் ஃப்ரைசிங், 14000களில் ரேகன்ஸ்பூர்க்கின் சங்க்ட் எம்மெராம் மடம், 19000 என்றால் டேகர்ன்ஸே. ஆவணக் காப்பகங்களில் வேலை செய்பவர்கள் "வந்த இடத்தைக் கலைக்காதே" என்பதை அடிப்படை விதியாகச் சொல்வார்கள். அகராதியில் சொல்லுக்கு அவர் காட்டிய மரியாதையும் அதுதான்: எந்த ஊர் வாயிலிருந்து வந்தது என்பதை அழிக்காமல் வரிசைப்படுத்துவது.

அந்த எண்களில் ஒன்று 4660. பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் 1803இல் கிடைத்த பாட்டுச்சுவடி. குடி, காதல், சூதாட்டம், அதிர்ஷ்டச் சக்கரம் பற்றிய பாடல்கள், ஒரு மடத்து நூலகத்தில்! ஷ்மெல்லர் அதை 1847இல் அச்சிட்டு, கிடைத்த இடத்தை வைத்து "கார்மினா புரானா" என்று பெயர் சூட்டினார். பெனடிக்ட்பாயர்ன் பாடல்கள் என்று பொருள். கார்ல் ஓர்ஃப் பின்னால் இசையமைத்து, இன்று சினிமா முன்னோட்டங்களில்கூட அதிரும் அந்தக் கோரஸ் இந்தப் பதிப்பிலிருந்து எடுத்த வரிகள்தான். வேடிக்கை என்னவென்றால், சுவடி பெனடிக்ட்பாயர்னில் எழுதப்பட்டதே இல்லை, ஆல்ப்ஸுக்குத் தெற்கே டிரோல் பக்கம் எழுதியிருக்கலாம் என்று இப்போது ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கிடைத்த இடம் வேறு, பிறந்த இடம் வேறு. டிர்ஷென்ராய்ட்டில் பிறந்து ரிம்பெர்க்காரராக வளர்ந்த மனிதருக்கு இது ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

உலக முடிவைப் பாடும் பழைய ஜெர்மன் கவிதை ஒன்றும் உண்டு, 9ஆம் நூற்றாண்டில் ஓர் அரசருக்குப் பரிசாக வந்த லத்தீன் நூலின் வெற்றிடங்களில் யாரோ கிறுக்கிவைத்தது. தலையும் இல்லை, காலும் இல்லை. அதில் வரும் புரியாத ஒரு சொல்லையே எடுத்து "மூஸ்பில்லி" என்று 1832இல் அதற்குப் பெயர் வைத்தவரும் ஷ்மெல்லர்தான்.

இத்தாலியில் விசென்சாவுக்கு வடக்கே மலையில் ஏழு ஊர்களில் ஒருவகை ஜெர்மன் பேசினார்கள். ரோமானியர்கள் தோற்கடித்த பழங்காலக் கிம்ப்ரி இனத்தின் வாரிசுகள் அவர்கள் என்று ஒரு பெருமைக்கதை உலவியது. ஷ்மெல்லர் 1833இலும் 1844இலும் அங்கே போய், பேச்சைக் கேட்டு, அது இடைக்காலத்தில் குடியேறிய பவேரியர்களின் மொழி என்று காட்டினார். ஒலி மாற்றக் கணக்கு கையில் இருந்தால் பூர்வீகக் கதைகளைச் சரிபார்க்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம் இது. அந்த வழக்குக்கு அவர் தொகுத்த அகராதி அவர் இறந்த பிறகு 1855இல் வெளிவந்தது.

1852 ஜூலை 27 அன்று மியூனிக்கில் இறந்தார். அதற்கு ஆறு வருடம் முன்புதான், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பழைய ஜெர்மன் மொழிக்கான முழுப் பேராசிரியர் பதவி கிடைத்திருந்தது. யாக்கோப் கிரிம் தன் மாபெரும் ஜெர்மன் அகராதியின் முன்னுரையில், வேறு எந்த ஜெர்மன் வழக்குக்கும் இதைப் போல ஓர் அகராதி வாய்க்கவில்லை என்கிற அளவுக்குப் பாராட்டினார், அதைப் படிக்க ஷ்மெல்லர் இல்லை. அச்சான தன் அகராதியில் கடைசி வரை அவர் குறிப்புகள் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவற்றையெல்லாம் உள்ளே சேர்த்து கேயோர்க் கார்ல் ஃப்ரொம்மன் 1872க்கும் 1877க்கும் இடையில் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். ஆய்வாளர்கள் இன்றும் மேசையில் வைத்திருப்பது அதைத்தான்.

அகராதி இணையத்தில் படங்களாகக் கிடைக்கிறது. ஜெர்மன் கொஞ்சம் தெரிந்தால் பழகிப் பார்க்க ஒரு சொல் தருகிறேன்: "க்யூர்பென்". முதுகில் சுமக்கும் கூடை. உயிரை விடுங்கள், அது ஊருக்கு ஊர் மாறும். "க்" பிரிவுக்குப் போங்கள், அதற்குப் பின்னால் வரும் "ர்" கூட்டத்தைப் பிடியுங்கள், அதற்குள் தேடுங்கள். பொருள், வழக்கு எல்லாம் வழக்கம்போல வரும், அப்புறம் அந்தக் கூடையை முடைபவருக்கான சொல் வரும், அங்கே அகராதிக்காரர் சட்டென்று அகராதியை நிறுத்திவிட்டு, ரிம்பெர்க்கில் இருக்கும் வயதான கூடைக்காரர் ஒருவருக்கு வணக்கம் சொல்கிறார். கூடை பின்னிய காசில் தன்னைப் படிக்கவைத்த அப்பாவுக்கு.